இரண்டாவது அடியில் சுருதி இறங்குது

வீடியோவில் வினோதினியின் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

"ஸ்பீக்கர் போச்சாடி?" டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டாள் அருணாதேவி.

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்குது. காலர்ல மாட்டற மைக்கை ஆன் பண்ணாமயே பாடித் தொலைச்சிருக்கேன். கேட்டுப் பாக்காம அப்லோடும் பண்ணிட்டேன்."

வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தின் மதிய இடைவேளை. இருவருக்கும் அடுத்தடுத்த மேஜை. வினோதினிக்குத் தட்டச்சு வேலை. அருணாதேவிக்கும் தட்டச்சு வேலைதான், ஆனால் அவளுடைய முழுநேர வேலை அலுவலக வாட்ஸப் குரூப்.

"அழிச்சிட்டு வேற போடு. யாரு பாத்திருக்கப் போறாங்க?"

"ஒருத்தர் பாத்துட்டாரு. கமெண்டும் போட்டுட்டாரு."

அருணாதேவி கைபேசியைப் பிடுங்கிப் படித்தாள்.

'ரெண்டாவது அடியில சுருதி இறங்குது. போன வாரமும் சொன்னேன். அதுக்கு முந்தின வாரமும் சொன்னேன். பாட்டை விட்டுட்டு ஊதுபத்தி யாவாரம் பாக்கலாம்.'

அனுப்பியவர் பெயர், 'அப்பாதுரை 3'.

அருணாதேவி இரண்டு முறை படித்தாள். பிறகு வீடியோவை ஓடவிட்டு, கைபேசியைக் காதோடு அழுத்திக் கேட்டாள். மின்விசிறியின் இரைச்சல்தான் கேட்டது. அதுவும் தலைக்கு மேல் ஓடிய விசிறி.

"சத்தமே இல்லாத வீடியோவுல சுருதி எப்பிடிடி இறங்கும்?"

"அது கூட போவட்டும் அருணா." வினோதினியின் குரல் கம்மியது. "நேத்து இதைப் பாடும்போது ரெண்டாவது அடியில நெஜமாவே இறங்குச்சு. எனக்கே தெரிஞ்சுது. அப்ப வீட்ல யாருமே இல்ல."

டிபன் பாக்ஸ் மூடி அருணாதேவியின் கையிலிருந்து நழுவி, தரையில் வட்டமடித்து, வெகுநேரம் அதிர்ந்து அடங்கியது.

அப்பாதுரை வினோதினிக்குப் புதிய எதிரி அல்ல. ஒரு காலத்தில் இந்த மாவட்டத்து இன்னிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவர் என்று அவருடைய ஃபேஸ்புக் பக்கம் சொன்னது. அதிலிருந்த படத்தில் சந்தனமாலையும் சால்வையுமாக விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பாராட்டு விழாப் படமா, கண்ணீர் அஞ்சலிப் படமா என்று பார்த்தவர்களுக்குக் குழப்பம் வரும். இப்போது எங்கும் வாசிப்பதில்லை. பாடுகிறவர்களைத் திட்டுவதோடு சரி. ஊரிலுள்ள பாடகர்கள் மொத்தப் பேரையும் 'மைக் புடிச்ச கொலைகாரனுங்க' என்று எழுதியவர்.

வினோதினியின் முதல் வீடியோவுக்கே 'சுருதி எங்க? வீட்ல வெச்சுட்டு வந்துட்டியா?' என்று கேட்டார்.

'நீங்க யாரு சார் கேக்கறதுக்கு?' என்று அவள் பொங்கினாள்.

'காசு குடுக்காம பாக்கறவன்.'

அவள் பிளாக் செய்தாள். அவர் 'அப்பாதுரை 2' என்ற பெயரில் வந்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து அவளுடைய சித்தப்பா மகன்கள் படையெடுத்து வந்து அவரைத் திட்டினார்கள். அவர் அவர்களுடைய எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டுப் போனார். பிறகு 'அப்பாதுரை 3' வந்தார். அதற்குமேல் பிளாக் செய்ய அவளுக்குத் தெம்பில்லை.

ஆனால் இந்தச் சண்டைக்குள் அவளுடைய மானமே மாட்டிக்கொண்டிருந்தது.

கார்த்திகைத் திருவிழாவை ஒட்டிக் கடைத்தெரு வியாபாரிகள் ஒரு மேடை போடுவார்கள். போன வருடம் அதில் பாட வினோதினிக்கு வாய்ப்புக் கிடைத்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து உறவு மொத்தமும் வேன் வைத்து வந்திறங்கியது. இரண்டாவது அடியில் அவளுடைய குரல் சறுக்கியது. சறுக்கியது எழுந்திருக்கவே இல்லை. மைக்செட்காரர் வளவன் பெரிய மனது பண்ணி, மெல்ல மெல்ல அவளுடைய ஒலியைக் குறைத்து, பூஜ்யத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

அன்றிலிருந்து எந்த விசேஷ வீட்டிலும் அவள் வாயைத் திறந்தால் போதும். மாமனோ மச்சானோ எதிரே உட்கார்ந்து, காற்றில் ஒரு குமிழைத் திருகி வால்யூமைக் குறைப்பதுபோல் சைகை காட்டுவான். சாம்பார் கேட்டால்கூட.

இந்த வருடம் அலையாய் அலைந்து, அதே மேடையில் ஒரே ஒரு பாட்டுக்கு இடம் வாங்கியிருந்தாள். நடுவில் ஒரே வாரம். இதிலும் சறுக்கினால் ஆயுளுக்கும் அந்தக் குமிழ்தான்.

"அந்தாளு ஏதோ குருட்டாம்போக்குல அடிச்சு விட்டிருக்காருடி. டெஸ்ட் வெச்சுப் பாத்துடலாம்" என்றாள் அருணாதேவி.

மாலையில் அலுவலகத்துக்குப் பின்னால், வேப்ப மரத்தடியில் சோதனை நடந்தது. மைக்கை ஆஃப் செய்துவிட்டு, வினோதினி வெறுமே வாயை மட்டும் அசைத்தாள். தொண்டையிலிருந்து ஒரு ஒலியும் வரவில்லை. முகத்தில் பாவம், கையில் தாளம், எல்லாம் சரியாக இருந்தன. வீடியோ ஏறியது.

பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போதே பதில் வந்துவிட்டது.

'இதுல நீ பாடவே இல்ல. யாரை ஏமாத்தற?'

வினோதினிக்கு நடு முதுகில் குளிர்ந்தது. தெருவில் வெயில் இன்னும் பாக்கி இருந்தது. அருணாதேவி அவளுடைய கையை இறுக்கிப் பிடித்தாள். அவளுடைய கண்ணில் பயம் இல்லை, பரவசம் இருந்தது.

"வினோ, இது மனுசன் இல்லடி."

"அப்ப பேயா?"

"சித்தருடி! நம்ம ஊர்ல திட்டற ஆளுங்கள லேசுல எடை போடக் கூடாது. எங்க பெரியப்பாவை கிரிவலப் பாதையில ஒருத்தர் கல்லாலயே அடிச்சாரு. அடுத்த மாசம் அவருக்கு கவர்மெண்ட் வேலை கெடைச்சுது."

"அந்தக் கல்லால மண்டையில ஆறு தையல் போட்டதா சொன்னியே?"

"வேலை கெடைச்சுதா இல்லியா?"

அன்று ராத்திரிக்குள் இரண்டு கமெண்டின் படமும் அலுவலக குரூப்பிலிருந்து கலெக்டரேட் குரூப்புக்கும், அங்கிருந்து ஊருக்கும் போய்விட்டன. காலையில் அவருக்கு 'கமெண்ட் சித்தர்' என்று பெயர் சூட்டியாகிவிட்டது. பாடவே தெரியாதவர்களெல்லாம் வீடியோ போட்டு அவரிடம் அருள் வாங்க வரிசையில் நின்றார்கள். 'கழுதை' என்று திட்டு வாங்கிய ஒரு பாத்திரக் கடைக்காரர் அதைப் பெரிதாக அச்சடித்துக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டினார்.

வினோதினி பதறிப்போனாள். இதை எப்படியாவது நிறுத்த வேண்டும் என்று ஒரு பதிவு போட்டாள். 'அப்பாதுரை சார் சித்தர் இல்லை. வாய்க்கொழுப்பு ஜாஸ்தியான ஒரு கீபோர்டுக்காரர். அவ்வளவுதான்.'

உடனே அதன் கீழே அப்பாதுரையே எழுதினார். 'இந்தப் பொண்ணு வாழ்க்கையில மொதல் தடவையா சரியா ஒண்ணு சொல்லி இருக்குது. எல்லாரும் ஓடிப் போங்கடா.'

'நான் சித்தர்னு எந்தச் சித்தர் ஒத்துக்கினு இருக்காரு?' என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு எக்கச்சக்க லைக்.

மேடைக்கு மூன்று நாள் இருக்கும்போது வினோதினி விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் தாண்டி, அவருடைய வீட்டைத் தேடிப் போனாள். மன்னிப்புக் கேட்க என்று வீட்டில் சொன்னாள். உண்மையில், இரண்டாவது அடியில் என்னதான் ஆகிறது என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். சூப்பர் அக்கா என்று இதயம் அனுப்பியவர்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

வெள்ளைக்காரர்கள் சைக்கிளில் போகும் சந்தின் கடைசியில் ஓட்டு வீடு. வாசலில் ஒரு பெண் பையும் கையுமாகக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அப்பாதுரையின் தங்கை கன்னியம்மாள். பக்கத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை.

"அண்ணன் உள்ளதான் இருக்குது, போம்மா. எதிர்ல போயி நில்லு. பின்னாடி நின்னு கூப்பிட்டா அதுக்குக் கோவம் வரும்" என்று சொல்லிக்கொண்டே அவள் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

உள்ளே நடுப்பகலிலும் இருட்டாக இருந்தது. சுவரோரம் கீபோர்டுகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியால் தலை முதல் கால் வரை சுற்றிக் கட்டியிருந்தது. பிணவறைக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது வினோதினிக்கு. கடைசியில் ஒரு மேஜை. அதன் முன்னால், அவளுக்கு முதுகு காட்டியபடி, அசையாமல் ஓர் உருவம்.

"சார்..."

அசைவில்லை.

தியானமாக இருக்கும் என்று நினைத்தாள். அந்தப் பகுதியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. காத்திருந்தாள். அடுத்த வீட்டில் குக்கர் வீரிட்டது. வினோதினி துள்ளிப்போய்க் கதவில் இடித்துக்கொண்டாள். அந்த முதுகு ஒரு நூல்கூட நடுங்கவில்லை.

செத்துட்டாரா?

மெல்ல இரண்டு எட்டு வைத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் அவளுடைய நிழல் மேஜைமேல் விழுந்தது. உருவம் விருட்டென்று திரும்பியது.

"வந்துட்டியா? நீ எப்ப வருவன்னுதான் பாத்துக்கினு இருந்தேன்."

ஐம்பது வயது இருக்கும். அதே விறைப்பு. சந்தனமாலை மட்டும்தான் இல்லை. மேஜைமேல் யாருக்கோ கீபோர்டு பாடத்துக்கு ஸ்வரங்கள் எழுதிக்கொண்டிருந்தார்.

"நீ கெளப்பிவுட்ட புண்ணியத்துல காலையில பால் வாங்கப் போனேன். ஒரு பொம்பள குறுக்க வுழுந்து கால்ல கற்பூரம் ஏத்துது. லுங்கி பத்திக்கிச்சுன்னா யாரு பொறுப்பு?"

"தப்புதான் சார். அதை நான் கெளப்பல. என் கூட வேலை செய்யற அருணா..."

"மன்னிப்பு கேக்க வந்தியா, பாட்டுக்கு வந்தியா?"

வினோதினி தலையைக் குனிந்தாள். அவர் மறுபடி எழுதத் திரும்பினார். அவள் உதட்டை மட்டும் அசைத்து, 'பேயி, பேயி' என்று முணுமுணுத்தாள். சத்தம் பல்லைக்கூடத் தாண்டவில்லை. அப்போதுதான் அவர் நிமிர்ந்து அவள் பக்கம் திரும்பியிருந்தார்.

"பேய்க்குக் கால் இருக்காதும்மா. எனக்கு ரெண்டு இருக்குது, நல்லா பாரு."

ஓடிவிடலாம் என்றால் கால்கள் கேட்கவில்லை. அவளுக்கும் இரண்டு இருந்தன.

"அங்க நில்லு. ஜன்னல் பக்கம். வெளிச்சம் மூஞ்சியில படணும். ம், பாடு."

பாடினாள். ஊர்க்காரர் ஒருவர் தீபத்தைப் பற்றி எழுதிய பாட்டு. அப்பாதுரை கண்ணை மூடவில்லை, தலையை ஆட்டவில்லை. அவளுடைய கழுத்தையும் தோளையும் வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாம்பு தவளையைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"நிறுத்து! தோள் ஏறுது. மேல பாடப் போறோம்னு பயந்து அங்கியே செத்துப் போற. மூச்சு தீந்துபோச்சு, சுருதி இறங்கிப்போச்சு. மொத அடி முடியற எடத்துல மூச்சு வாங்கு. தாடையைத் தூக்காத, வானத்துல காக்காவா பாக்கற? மறுபடி."

மறுபடி பாடினாள். மறுபடி திட்டினார். இவ்வளவு நாளாக எழுத்தில் திட்டியது சாம்பிள்தான் என்று அவளுக்குப் புரிந்தது. வெயில் ஜன்னலை விட்டுச் சுவருக்கு நகர்ந்தபோது, இரண்டாவது அடி முதல் தடவையாக அவளுடைய தொண்டையில் அசையாமல் நின்றது. அவளுக்கே நம்ப முடியவில்லை.

"நின்னுச்சா?" என்று கேட்டார் அப்பாதுரை.

"நின்னுச்சு சார்."

"நின்னுச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"ஏன் சார், இதை அன்னிக்கே நல்லபடியா சொல்லி இருக்கலாம் இல்ல? எதுக்கு அத்தினி திட்டு?"

"நல்லபடியா சொன்னவனுங்கதான் நூறு பேரு இருந்தானுங்களே. போன வருசம் மேடையில நீ தவிச்சப்போ அதுல எவனாவது வந்தானா?"

வினோதினி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். போன வருடம் இவர் அங்கே இருந்திருக்கிறார். கூட்டத்தில் எங்கோ நின்று பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் அவளுடைய ஒரு வீடியோவைக்கூட விடவில்லை. இந்த ஒரு வருடத்தில் அவளுடைய பாட்டை ஒன்றுவிடாமல் முழுசாகப் பார்த்த ஒரே பிறவி இந்த மனுஷன்தான். அவளுடைய கணவன் சக்திவேல்கூட முதல் நிமிடத்தில் தள்ளிவிடுகிறவன்.

அந்தச் சமயத்தில்தான் வாசலில் சலசலப்புக் கேட்டது. வாழைப்பழத் தட்டோடு அருணாதேவி முன்னே வர, பின்னால் ஒரு பட்டாளமே வந்தது. வினோதினியைப் பின்தொடர்ந்து வந்திருக்கிறாள்.

"சாமி! எங்களையும் ரெண்டு வார்த்தை திட்டுங்க சாமி!"

அப்பாதுரை எழுந்தார். முகம் சிவந்தது. "அறிவுகெட்ட ஜென்மங்களா, வெளிய போங்க!"

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. "எனக்கு ஸ்பெஷலா ஒண்ணு சாமி, பையனுக்குப் பொண்ணு அமையல" என்றார் ஒருவர்.

"உன் பையனுக்கு எவன்யா பொண்ணு குடுப்பான்? மொதல்ல நீ குளி!"

அந்த ஆள் அழுதே விட்டார். "வாக்கு வந்துடுச்சு. மொத ஆளா நான் குளிக்கணுமாம்!"

அன்று மாலைக்குள் அப்பாதுரையின் பழைய மோட்டார் பைக்குக்கு மாலை போட்டுக் குங்குமம் வைத்துவிட்டார்கள்.

மேடை நாள் வந்தது. சூரியன் இறங்கிய நேரம். மலை உச்சியில் தீபம் சின்னதாகத் தெரிந்தது. கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. முன்வரிசையில் கீழ்பென்னாத்தூர் வேன் கூட்டம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தயாராக வைத்துக்கொண்டிருந்தது. மிக்ஸருக்குப் பின்னால் அதே வளவன். அவளைப் பார்த்ததும் அவருடைய கை தானாகக் குமிழைத் தேடியது.

மேடைக்கு இடது பக்கம் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அந்தப் பக்கம் ஒருவரும் நிற்கவில்லை, நிற்க முடியாது. நெஞ்செலும்பு அதிரும் சத்தம். அங்கே அப்பாதுரை மட்டும் தன்னந்தனியாக, பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். கண் இமைக்கவில்லை. மேடையிலிருந்து பார்த்த வினோதினிக்கு, இந்த உலகத்து ஆளாகவே தெரியவில்லை அவர்.

பாட ஆரம்பித்தாள். முதல் அடி முடிந்தது. மூச்சு. இரண்டாவது அடியைத் தொட்டாள். தோள் மெல்ல ஏறப் பார்த்தது. கீழே அப்பாதுரை தன் தோளை ஒரு விரலால் தட்டினார். அவள் இறக்கினாள். குரல் நின்றது.

அந்த நேரம் பார்த்து மைக் செத்தது.

பெட்டிகள் மௌனமாயின. கூட்டம் 'ஓ'வென்று கூவிக்கொண்டு வளவன் பக்கம் திரும்பியது. "நான் எதையும் தொடலப்பா!" என்று அவர் ஒயர்களுக்குள் பாய்ந்தார். முன்வரிசை விரல்கள் காற்றில் உயர்ந்தன.

வினோதினி நிறுத்திவிட இருந்தாள். இந்த இரைச்சலில் அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஆனால் அத்தனை தலைகளும் திரும்பியிருக்க, ஒரு முகம் மட்டும் அவளை விட்டு நகரவில்லை. ஒன்றுமே நடக்காததுபோல, ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுவதுபோல, அப்பாதுரை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவளுடைய பாட்டோடு இம்மி பிசகாமல். சத்தமே இல்லாத பாட்டோடு.

இந்தத் தடவை அவளுக்குப் பயம் இல்லை. கேட்க ஒருவர் இருக்கிறார் என்று பாடிக்கொண்டே போனாள்.

மைக் உயிர்பெற்றபோது அவளுடைய குரல் மேடைக் கீபோர்டின் சுருதிமேல் அச்சாக உட்கார்ந்திருந்தது. கூட்டம் கைதட்டலில் வெடித்தது. வளவன் குமிழை ஏற்றினார். முன்வரிசையில் அவளுடைய மாமன் காற்றில் இருந்த விரல்களை என்ன செய்வதென்று தெரியாமல், அவரும் மேல்பக்கமாகத் திருகினார்.

இறங்கியதும் நேராக ஸ்பீக்கர் பெட்டிக்கு ஓடினாள்.

"அண்ணா, எப்பிடி இருந்துச்சு?" சார் எப்போது அண்ணா ஆனார் என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்பாதுரை அவளுடைய முகத்தையே பார்த்தார். "தோள் ஏறல" என்றார். "அடுத்த பாட்டை ஆரம்பி. அதுல என்னா லட்சணத்துல சொதப்பறன்னு பாக்கலாம்."

சொல்லிவிட்டு வளவனைத் திட்டப் போய்விட்டார். பின்னாலேயே ஒரு பக்தர் கூட்டம் ஓடியது.

கன்னியம்மாள் பொரி உருண்டைப் பையோடு வந்து நின்றாள். வினோதினி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க அண்ணன் சாதாரண ஆளு இல்லீங்க. மைக் போயி எனக்கே கேக்காதப்பக்கூட, அவரு ஒருத்தருக்கு மட்டும் என் பாட்டு கேட்டுச்சுங்க!"

கன்னியம்மாள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அதுவா? நான் ஊட்டுக்கு வந்தா 'அந்தப் பொண்ணு கொரல் எப்பிடி இருக்கும், கனமா, சன்னமா, சொல்லு சொல்லு'ன்னு தெனம் என் உசுரத்தான் வாங்குது. பாக்ஸ் பக்கத்துலயே நின்னு வாசிச்சு, ரெண்டு காதும் போயி எத்தினியோ வருசம் ஆவுதேம்மா!"